இக்பாலுக்காகப் பெண் கேட்கப் போனோம்

இக்பால் போன் செய்தபோது நான் போலந்தில், கார் கண்ணாடியில் உறைந்துகிடந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், எனக்குக் கல்யாணம் ஆவும்போல கீதுடா" என்றான்.

எங்களுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. இந்த வயதில் நண்பர்கள் போன் செய்தால் சர்க்கரை ஏறியதையோ பல் பிடுங்கியதையோதான் சொல்வார்கள். நான் சுரண்டுவதை நிறுத்தினேன்.

"ஆவும்போலன்னா?"

"பொண்ணு சரின்ட்டாங்க. அவங்க அண்ணன்தான் கேக்கறாரு, உன் பக்கம் யார் கீறாங்கன்னு. அத்தா, அம்மா ரெண்டு பேரும் மவுத்தாயிட்டாங்க. கூடப் பொறந்தவங்களும் இல்ல. நா இன்னா சொல்றது? நாலு பேர் கீறாங்கன்னு சொல்ட்டேன்."

"யாருடா அந்த நாலு பேர்?"

"நீ, செல்வம், தனசேகர், ஜெயராஜ்."

அம்பத்தூரில் ஒரு ஆண்கள் பள்ளியில் நாங்கள் ஐந்து பேரும் கடைசி பெஞ்ச். பத்தாம் வகுப்பு வரை அந்த பெஞ்சை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதைத் தவிர எங்களுக்குள் எந்த உறவும் கிடையாது.

என் மனைவி உடனே சம்மதித்தாள். "போய்ட்டு வாங்க. வாஷிங் மெஷின் ஃபேக்டரியிலயே இருந்து இருந்து, நீங்களும் ஒரே இடத்துல சுத்திக்கிட்டு ஒரே சத்தம்தான் போடறீங்க" என்றாள்.

விமானத்தில் வந்த கதை எல்லாருக்கும் ஒன்றுதான். அதை விட்டுவிடுகிறேன்.

இக்பாலின் கடை நசரத்பேட்டையில், பெங்களூர் ஹைவேயை ஒட்டி இருக்கிறது. கார்களுக்கு சீட் கவர் தைக்கிறான். கழற்றிய சீட்டுகளைக் கடை வாசலில் வரிசையாக வைத்திருந்தான். வாடிக்கையாளர்கள் அதில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வண்டியில் குடும்பத்தோடு திருப்பதி போகிறவர்கள்போல இருந்தது.

பள்ளியில் இருந்ததிலேயே சின்ன உருவம் அவன்தான். இப்போது கதவு அளவுக்கு இருக்கிறான். தாடியில் பாதி வெள்ளை. என்னைக் கட்டிப்பிடித்ததில் பிரயாண அலுப்பு மொத்தமும் நொறுங்கிப்போனது.

"பொண்ணு எப்படிடா கெடைச்சது?"

"ஸ்கூட்டி சீட் தைக்க வந்தாங்க மச்சான். சலீமா டீச்சர். பூந்தமல்லி. பசங்க ஸ்கூல்ல கணக்கு எடுக்கறாங்க. தைச்சுக் குடுத்தேன். மறுபடி கிழிஞ்சிச்சுன்னு வந்தாங்க, மறுபடி தைச்சேன். மூணாவது தபா வந்தப்போ பாத்தா, சீட் கிழியவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? இல்லாத கிழிசலுக்கு நா ஒரு மணி நேரம் தைச்சேன்."

அவன் முகம் சிவந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். முப்பது வயதில் அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்து நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவன் எடுத்ததில்லை. பக்கத்துக் கடையிலிருந்து வீச்சுப் பரோட்டாவும் சால்னாவும் வரவழைத்தான். போலந்தில் உருளைக்கிழங்கை உள்ளே வைத்துக் கொழுக்கட்டை செய்வார்கள். தேங்காயும் வெல்லமும் வைக்கலாம் என்று அந்தத் தேசத்தில் ஒருத்தருக்கும் தோன்றாதது எனக்குத் தீராத வருத்தம். அந்த வருத்தத்தையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

"ஞாயித்துக்கெழம அவங்க ஊட்டுக்குப் போவணும்" என்றான். "நாலு பேரையும் நீதான் இட்டாரணும். நா கூப்ட்டா செல்வமும் தனாவும் ஒண்ணா வர மாட்டாங்க."

"ஏன்?"

"அது உனக்கே தெரியும், போ."

மறுநாள் சாயங்காலம் ஜெயராஜைப் பார்க்கத் திருநின்றவூருக்கு ரயில் ஏறினேன். போலந்தில் எங்கள் ஊர் டிராமில் இருபது பேர் இருந்தாலும் மூச்சுச் சத்தம் கேட்காது. பக்கத்து சீட்காரனின் பெயர் தெரியாமலேயே ஆயுள் முடிந்துவிடும். இங்கே அம்பத்தூரில் ஏறி ஆவடி வருவதற்குள், என் எதிரே நின்ற அம்மாவின் மருமகள் எந்த எண்ணெயில் சமைக்கிறாள் என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது.

திருநின்றவூர் வந்தது. நான் கதவை நோக்கி நகரப் பார்த்தேன். கூட்டத்தில் ஓர் அடிகூட நகரமுடியவில்லை.

"எறங்கணுமா?" என்றார் பையை நெஞ்சோடு அணைத்திருந்த ஒருவர்.

"ஆமாங்க."

"பட்டாபிராம்லயே கெளம்பியிருக்கணும் சார்."

ரயில் கிளம்பிவிட்டது. பெட்டியில் இருந்த எல்லாரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். அந்த அம்மா, "வேப்பம்பட்டுல எறக்கி உட்ருங்கப்பா, பாவம்" என்றார். கை மாற்றிக் கை மாற்றி ஒரு மூட்டையைப்போல என்னை வேப்பம்பட்டு பிளாட்ஃபாரத்தில் இறக்கிவைத்தார்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன்.

ஜெயராஜ் ஏரிக்குப் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறான். மழைக்காலத்தில் ஏரிதான் அவன் வீட்டுக்குப் பக்கத்தில் வருமாம். பள்ளியில் எந்த வாத்தியார் வந்தாலும் ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவான். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டெக்னீஷியன். அவன் பேசுவதைக் கேட்டால் ஊசியே வேண்டாம். அவ்வளவு மெதுவான குரல்.

"நான் அங்க வந்து என்ன பேசணும்?" என்று கவலையோடு கேட்டான்.

"பேசவே வேணாம். சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்திரு."

"சொந்தக்காரன்னா ஏதாவது குறை சொல்லணுமே."

"அதை செல்வம் பாத்துப்பான்."

செல்வம் ஆவடியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். தனசேகர் கள்ளிக்குப்பத்தில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம். வயல் இருந்த இடத்தில் இப்போது வாடகை வீடுகள். தனா ஒரு கட்சியில் வட்டச் செயலாளர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட மேடையில் கேட்பதுபோலத்தான் கேட்பான்.

சண்டைக்குக் காரணம் எங்கள் வகுப்பு வாட்ஸப் குழு. தினமும் விடிந்ததும் தனா தன் தலைவர் கும்பிடும் படத்தை அதில் போடுவான். செல்வம்தான் அட்மின். ஒரு நாள் படத்தோடு சேர்த்துத் தனாவையும் தூக்கிவிட்டான். தனா போய் வேறொரு குழு ஆரம்பித்தான். செல்வத்தின் குழுவுக்குப் பெயர் 'நண்பர்கள்'. தனாவின் குழுவுக்குப் பெயர் 'உண்மையான நண்பர்கள்'. வகுப்பே இரண்டாக உடைந்தது. எந்தச் செய்தி எந்தக் குழுவில் வந்தது என்று தெரியாமல், ஒருத்தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பாதிப் பேர் மட்டும் போன கொடுமையும் நடந்திருக்கிறது.

"அவன் வந்தான்னா நா வரல மாமே" என்றான் செல்வம்.

"கொள்கைக்கு விரோதமானவர்களோடு ஒரே வாகனத்தில் பயணிக்க இயலாது" என்றான் தனா.

இரண்டு பேரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னேன். "பேச வேணாம். உட்கார்ந்தா போதும். இக்பாலுக்கு வேற யாருடா இருக்காங்க?" இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை செல்வம் தன் டிரைவிங் ஸ்கூல் காரையே கொண்டுவந்தான். முன்னாலும் பின்னாலும் சிவப்பில் எல் போர்டு. கூரைமேல் தகரப் பலகையில் டிரைவிங் ஸ்கூலின் பெயர். இக்பால் முன்பே போய்விட்டதால் நாங்கள் நாலு பேர் மட்டும். செல்வம் நேராக இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

"வண்டியை யாரு ஓட்றது?" என்றேன்.

"நீதான். நா இருவது வருசமா இந்தப் பக்கம்தான் குந்திகினு வர்றேன். வலது பக்கம் குந்துனா எனக்குத் தல சுத்துது."

அவன் காலடியில் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருந்தன. பின் சீட்டில் தனாவும் ஜெயராஜும் ஏறினார்கள். போலந்தில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும்; ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கைக்கு. நான் கியர் மாற்ற வலது கையை வீசினேன். அது கதவில் போய் முட்டியது. இரண்டாவது தடவை கண்ணாடி இறங்கியது. பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் என் முழங்கை வீங்கிவிட்டது.

எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தது. நான் பிரேக் போடுவதற்கு முன்னால் செல்வம் அவன் பிரேக்கைப் போட்டான். தனாவின் நெற்றி முன் சீட்டில் மோதியது.

"ரவி, முன்னால் அமர்ந்திருப்பவரிடம் சொல். வாகனத்தில் உயிர்கள் இருக்கின்றன" என்றான் தனா.

"ரவி, பின்னாடி கீறவன்கிட்ட சொல்லு. பெல்ட்டு எதுக்கு வெச்சிகீது?" என்றான் செல்வம்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா" என்று ஜெயராஜ் முனகினான். அது யார் காதிலும் விழவில்லை.

சிக்னலில் ஒரு பைக் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் இருந்த பெண் எல் போர்டையும் எங்கள் நாலு பேரின் நரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அங்கிள், நாலு பேருமா கத்துக்கறீங்க?" என்றாள். நான் ஆமாம் என்றேன். வேறு எதைச் சொன்னாலும் விளக்கவேண்டியிருக்கும்.

பூந்தமல்லியில் சலீமா டீச்சரின் அண்ணன் ஹமீது பாய் இரும்புக் கடை வைத்திருக்கிறார். வீடு கடைக்குப் பின்னால். இக்பால் இஸ்திரி போட்ட சட்டையில், வாய்தாவுக்கு வந்தவன்போல ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். ஹமீது பாய் எங்களை மரியாதையாக வரவேற்றார். சமோசா, தம்ரூட், டீ எல்லாம் வந்தன. ரவையும் பாலும் நெய்யும் சேர்ந்து ஓரம் சிவக்க வெந்திருந்த அந்தத் தம்ரூட்டைப் பற்றித் தனியாக நாலு பக்கம் எழுதலாம். ஆனால் அதை நிம்மதியாகச் சாப்பிட அவர் விடவில்லை.

"நான் வெளிப்படையா பேசறவன்" என்றார். "தம்பி நல்லவர்னு தொழுகைக்கு வர்ற எல்லாரும் சொல்றாங்க. அதுல சந்தேகம் இல்ல. ஆனா அவருக்கு ஆள் இல்ல. நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னாலோ, என் தங்கச்சிக்கு ஒண்ணுன்னாலோ நான் யார் வீட்டுக் கதவைத் தட்டறது?"

தனா துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். "பெரியோர்களே..." என்று ஆரம்பித்தான். அந்த அறையில் பெரியவர் அவர் ஒருத்தர்தான்.

ஜெயராஜ் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, "என் வீட்டுக் கதவைத் தட்டுங்க பாய்" என்றான். அந்த மெல்லிய குரல் எல்லாருக்கும் கேட்டது.

ஹமீது பாய் ஜெயராஜின் கையைத் தட்டிக்கொடுத்தார். "சந்தோஷம் தம்பி. ஆனா தப்பா நினைக்காதீங்க. நீங்க ஃப்ரெண்ட்ஸ். ஃப்ரெண்ட்ஸுங்க இன்னிக்கு இருப்பாங்க. நாளைக்கு?" செல்வத்தையும் தனாவையும் காட்டினார். "இவங்க ரெண்டு பேரும் வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசிக்கல. சமோசா தட்டைக்கூட வெளிநாட்டுக்காரர் வழியாத்தான் நகர்த்தறாங்க. இதை நம்பி நான் எப்படிப் பொண்ணு குடுக்கறது?"

நான் தம்ரூட்டைத் தட்டில் திரும்ப வைத்தேன். இக்பால் தலை குனிந்து, சோபாவின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தான். செல்வமும் தனாவும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துவிட்டு உடனே திரும்பிக்கொண்டார்கள்.

அப்போது உள்ளே இருந்து சலீமா டீச்சர் வந்தார். தலையில் முக்காடு, மூக்கில் கண்ணாடி. அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வகுப்புக்குள் டீச்சர் வந்ததுபோல நாங்கள் நாலு பேரும் எழுந்துவிட்டோம்.

"உட்காருங்க" என்றார். உட்கார்ந்தோம்.

"இவரைப் பத்தி நல்லதா யாரும் சொல்ல வேணாம். நல்லதை எல்லாரும் சொல்லிட்டாங்க. ஸ்கூல்ல இவர் செஞ்ச தப்பு ஏதாவது சொல்லுங்க."

செல்வத்துக்கு முகம் மலர்ந்தது. "மேடம், எரும மாடு கத தெரியுமா? டி.இ.ஓ. இன்ஸ்பெக்சன் வர்றதுக்கு மொத நாள், மாடியில பத்தாங்கிளாஸ் ரூமுக்கு எரும மாட்ட ஏத்திட்டோம்."

"இவர் ஏத்துனாரா?"

"இவனா? இவன் எங்க ஏத்துனான்? நாந்தான் பின்னாடிலேர்ந்து தள்ளுனேன்."

அவ்வளவுதான். தனாவால் பொறுக்கமுடியவில்லை. "பொய்! அது எங்கள் வீட்டு எருமை. என் குரலுக்குத்தான் அது படியேறியது!" என்று நேராகச் செல்வத்தின் முகத்தைப் பார்த்துக் கத்தினான்.

"உன் கொரலுக்கா? உன் கொரலக் கேட்டு அது ரெண்டு படி எறங்குச்சிடா!"

"படிக்குப் படி புல்லு போட்டது நானு" என்றான் ஜெயராஜ். இத்தனை வருடத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

எனக்கும் சும்மா இருக்கமுடியவில்லை. "மேல போனதும் அதை வாத்தியார் நாற்காலியில கட்டினது யாரு? எவன் கட்டினான் சொல்லுங்க பாக்கலாம்?"

பெண் கேட்க வந்த இடம் என்பது மறந்துபோனது. செல்வம் எழுந்து, டீப்பாயை எருமையாக வைத்துத் தள்ளிக் காட்டினான். தனா மேடைத் தமிழை விட்டுவிட்டு, "டேய், அது எங்க ஊட்டு மாடுடா, எனக்குத் தெரியாதாடா?" என்று கள்ளிக்குப்பத்துக்கே போய்விட்டான். செல்வம் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் இவன் சட்டையைப் பிடித்தான். குழு இரண்டாக உடைந்த பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். சலீமா டீச்சர் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் கடைசியில். "ஏத்தியாச்சு. மாடு மாடிப்படி ஏறும். அவ்வளவு சுலபமா இறங்காது. அது எப்படி இறங்குச்சு?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். இறங்கியதா? இறங்கித்தான் இருக்கவேண்டும். மறுநாள் டி.இ.ஓ. வந்தார். வகுப்பு நடந்தது. அறையில் எருமை இல்லை. அதுவரை எங்களுக்குத் தெரியும். இந்தக் கதையை நாங்கள் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம். எல்லாத் தடவையும் கதை மாடியிலேயே முடிந்துவிடும்.

"நாங்க கட்டிட்டு ஓடிட்டோம் மேடம்" என்றான் செல்வம்.

சலீமா டீச்சர் இக்பாலைப் பார்த்தார். அவன் நெளிந்தான்.

"நாந்தாங்க எறக்கினேன். எல்லாம் ஓடிட்டானுங்க. அது நாற்காலியோட நின்னுகினு கத்துச்சு. உட்டுட்டுப் போவ மனசு வரல. சமையக்கட்டுல சாக்கு இருந்துச்சு, எடுத்தாந்து படி பூரா விரிச்சேன், வழுக்காம. கீழ பாத்தா அது பயப்படுது. அதனால என் சட்டையைக் கழட்டி அது கண்ண மூடிக் கட்டினேன். அப்புறம் ஒவ்வொரு படியா... சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொல்ற நேரம் ஆயிடுச்சு."

"சட்டை?"

"அதைத் தின்னுட்சுங்க."

"அப்ப வீட்டுக்கு எப்படிப் போனீங்க?"

"சட்ட இல்லாமத்தான். மார்க்கெட் வழியா. எல்லாரும் பாத்தாங்க. வூட்ல போய் அம்மாகிட்ட வேற ஒத வாங்கினேன்."

"எங்ககிட்ட ஏண்டா சொல்லல?" என்றான் தனா.

"நீங்க எவனும் கேக்கலியே."

சலீமா டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கமுடியாமல் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து, "அண்ணே, இங்க வாங்க" என்று குரல் வந்தது. ஹமீது பாய் போனார். நாங்கள் ஐந்து பேரும் ரிசல்ட் பார்க்க வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தோம். செல்வம் சமோசா தட்டை எடுத்துத் தனாவிடம் நேராக நீட்டினான். தனா ஒன்றை எடுத்துக்கொண்டான்.

ஹமீது பாய் ஒரு கிண்ணத்தில் சர்க்கரையோடு திரும்பி வந்தார். முதலில் இக்பால் வாயில் போட்டார். "வெளிநாட்டுத் தம்பி எப்பக் கிளம்பறாரு?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு என்றேன். "அப்ப வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிஞ்சு நிக்காஹ் வெச்சுக்குவோம். ரெண்டு பேருக்கும் வயசு குறையப்போறதில்ல" என்றார். இக்பால் அழுதான். சர்க்கரை வாயில் இருந்ததால் அவனால் ஒழுங்காக அழவும் முடியவில்லை.

இடையில் இருந்த நாட்களைச் சொல்லி மாளாது. செல்வமும் தனாவும் ஒன்றாகவே சுற்றினார்கள், வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே. மண்டபம் சின்னதாக இருக்கிறது என்று ஒருத்தன், வாசலில் பேனர் பெரிதாக இருக்கிறது என்று இன்னொருத்தன். பேனரில் இக்பால் படத்தைவிடத் தனா படம் பெரிது. ஹமீது பாய் வந்து பார்த்து, அதைக் கழற்றிச் சுருட்டித் தன் இரும்புக் கடைக்குக் கொடுத்தனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. நாங்கள் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தோம். சம்மதம் என்பதற்கு 'கபூல்' என்று சொல்லும்போது இக்பாலின் குரல் ஜெயராஜின் குரலைவிடச் சின்னதாக வந்தது. நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை தெருவுக்கே கேட்டது.

பிறகு மண்டபம். பிரியாணி வாசனை படியிலேயே எங்களை நிறுத்தியது. தால்ச்சாவும் பிரெட் அல்வாவும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. பெண் வீட்டார் நிறையப் பேர். அவர்கள் சாப்பிட்ட பிறகு போகலாம் என்று நாங்கள் சுவரை ஒட்டிப்போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

ஹமீது பாய் பந்தி வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முதல்ல வாங்க!"

யார் எழுந்திருக்கப்போகிறார்கள் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாங்களும் திரும்பிப் பார்த்தோம். யாரும் எழவில்லை. இக்பாலுக்குத் தெரியாமல் எங்கிருந்தோ ஒரு பெரியப்பா வந்திருக்கிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஹமீது பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். "உங்களைத்தான் கூப்பிடறேன். சோறு ஆறுது, வாங்க."

செல்வம் முதலில் எழுந்தான். தனா துண்டைச் சரிசெய்தான். ஏதோ பேசப்போகிறான் என்று நினைத்தேன். அவன் அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஜெயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். நாலு பேரும் வரிசையாகப் போய் முதல் நாலு இலையில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.